நானோ ஸ்பிரே அடித்து சீலிங்கைப் பலப்படுத்துகிறோம் என்று வந்தால் கவனம்!

சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஈசூனில் எங்கள் வீட்டுக் குளியலறை சீலிங்கில் பெயின்ட் உப்பி, கான்கிரீட் சில்லு சில்லாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. கதவைத் தட்டி வந்தவர் நல்ல தமிழில் பேசினார். "அண்ணே, உடைக்கவே வேண்டாம். நானோ துகள் கம்பிவரைக்கும் போய் இறுகிடும். பத்து வருஷம் கேரண்டி." கையோடு கொண்டுவந்த சிமென்ட் கட்டியில் திரவத்தைத் தடவித் தண்ணீர் ஊற்றினார். தாமரை இலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. 1,600 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரே மதியத்தில் அடித்து முடித்தார்கள். சில மாதங்களில் அதே இடம் மறுபடி உப்பி, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று வாஷிங் மெஷின்மேல் விழுந்தது. ஆள்மேல் விழாதது எங்கள் நல்ல நேரம்.

நானோ சிலிக்கா, அதாவது மிக மிக நுண்ணிய சிலிக்கா துகள், டூப் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். புதுக் கான்கிரீட் கலக்கும்போதே சிமென்ட் எடையில் ஓரிரு சதவீதம் சேர்த்தால், அது கால்சியம் ஹைட்ராக்சைடோடு, அதாவது சுண்ணாம்போடு, வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கும். வலுவும் ஆயுளும் கூடும். அதுவும் துகள்கள் கட்டிபிடிக்காமல் நன்றாகப் பரவினால்தான். காய்ந்து பல வருடமான சீலிங்கில் தெளித்தால் மேலாக ஊறும், அவ்வளவுதான். தண்ணீர் உருண்டு ஓடியது நீர்விலக்கும் பூச்சின் வேலை. அதற்கும் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு பழுதுபார்க்க வந்த குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) பெயர்ந்த இடத்தில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்துக் காட்டினார். காரத்தன்மை குறையாத கான்கிரீட் என்றால் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். எங்கள் சீலிங்கில் கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை. காற்றிலிருந்த கரியமிலவாயு பல வருடமாக உள்ளே புகுந்து சுண்ணாம்பைத் தின்றிருக்கிறது. அப்புறம் சிலிக்கா எதோடு வினைபுரியும்? கம்பிக்குக் காவலாக இருந்த காரமும் போய்விட்டதால்தான் துருவே பிடித்தது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பித் தள்ளும். வெளியே எந்தப் பூச்சு அடித்தாலும் அந்த நெம்பல் நிற்காது.

சரியான வேலை புழுதி பறக்கும் வேலைதான்: தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, பாலிமர் கலந்த சிமென்ட் சாந்தால் அடைப்பது. பணம் கொடுக்கும் முன் வீவக கிளை அலுவலகத்தில் கேளுங்கள். 1997 வரை கட்டிய புளோக்குகள் வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் வரலாம். அதில் இந்தப் பழுதுபார்ப்புச் செலவு சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு முழுக்க அரசாங்கத்துடையது.

விற்றவரிடம் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "கேரண்டி கோட்டிங்குக்குத்தான், கான்கிரீட்டுக்கு இல்லை." பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சரிவராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை, 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஒரே சிக்கல், வாயால் சொன்ன "பலப்படுத்தல்" ரசீதில் எங்கேயும் இல்லை. "சீலிங் கோட்டிங்" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.