ஏழு வருடமாக ஒரு சின்ன அறக்கட்டளைக்கு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஓட்டிய அனுபவம்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அறக்கட்டளைக்கு நான் செயலாளர் ஆனது அந்தத் தகுதியில்தான். கமிட்டியில் இருந்த ஐந்து பேரில் கம்ப்யூட்டர் இருந்தது என்னிடம் மட்டும். நான்கு குக்கிராமங்களில் மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். பத்தாவது முடித்த பெண்பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடாமல் பன்னிரண்டாவது வரை போக, பஸ் வராத ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம். 2018-இல் ஒருநாள் தலைவர் கடைக்கு வந்து, "நமக்கும் ஒரு ஃபேஸ்புக் போட்டுடுப்பா, பணம் வரும்" என்றார். பணம் வந்ததா என்பதைத்தான் எழுதப் போகிறேன். அரூர், ஊத்தங்கரை பக்கமிருந்தெல்லாம் இதே கேள்வியோடு போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. பக்கம் தொடங்குவதற்குப் பதிலாக, அறக்கட்டளை பெயரிலேயே ஓர் ஆளைப் போலத் தனிநபர் கணக்கு தொடங்கினேன். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, அமைப்புகளுக்கென்று இருப்பது பக்கம்தான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. சரி என்று, எங்களிடம் படித்த கல்லூரிப் பையன் ஒருவனை வைத்துப் பக்கம் தொடங்கினோம். கெட்டிக்காரன். அடுத்த வருடம் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, நம்பர் மாறியது, பக்கத்தின் சாவியும் அவனோடு போனது. ஆறு மாதத்துக்கு மேல் எங்கள் பக்கத்தில் பழைய பொங்கல் வாழ்த்து ஒன்றே நின்றது. மாட்டுப் பொங்கல் தாண்டி, ஆடிப்பெருக்கும் தாண்டி, அதே கரும்புப் படம். இப்போது அறக்கட்டளைக்கென்று தனி சிம், தனி மெயில். பக்கத்துக்கு முழு அதிகாரத்தோடு இரண்டு பேர். வாட்ஸ்அப்புக்கு இருக்கும் ஆறு இலக்க இரண்டாவது பூட்டின் எண், வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

தொடக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினோம். பெரிய அமைப்புகள் அப்படித்தானே எழுதுகின்றன! ஹேஷ்டேக் ஏழெட்டு. படித்தவர் யாருமில்லை. எங்களுக்குப் பணம் தரக்கூடியவர்கள் ஓசூரில் ஷிப்ட் போகிறவர்கள், பெங்களூரில் கட்டட வேலை மேஸ்திரிகள், திருப்பூரில் இருப்பவர்கள், ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார்கள். அவர்களுக்குப் பேசுகிற தமிழில் நாலு வரி போதும். கீபோர்டில் தட்ட வராத எங்கள் பொருளாளர்கூட இப்போது மைக்கை அழுத்திப் பேசியே பதிவு போடுகிறார். 'படிப்பகம்' என்பது 'படி பக்கம்' என்று விழும், அவ்வளவுதான்.

தலைவருக்குப் பெரிய ஆசைகள் உண்டு. 2014-இல் அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொள்ளும் சவால் பரவி, அந்த நோய்க்கான சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்ததே, அதை எங்கோ படித்துவிட்டு வந்தார். நாமும் ஒன்று செய்யலாம் என்றார். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் வாளித் தண்ணியைத் தலையில் கொட்டச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்றேன். அப்படியானால் களி உருண்டை சவால் என்றார். அது நடக்கவில்லை.

ரீல்ஸ் நடந்தது. டார்ச் அடித்துக்கொண்டு மலைப்பாதையில் பிள்ளைகள் படிப்பகத்துக்கு இறங்கி வரும் காட்சி, முகம் தெரியாத தூரத்தில் எடுத்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கடையில் அன்று வேலையே ஓடவில்லை, எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வந்த பணம் 1,600 ரூபாய், மூன்று பேரிடமிருந்து. அதே மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே வரி போட்டேன். "ஒரு பிள்ளைக்கு ஜூலை மாத ஆட்டோ செலவு 600 ரூபாய், ஒன்பது பிள்ளைகள் பாக்கி." ராத்திரி பத்து மணிக்குள் ஒன்பதும் முடிந்துவிட்டது. கொடுத்தவர்களில் ஏழு பேர் ஏற்கெனவே ஒருமுறையாவது கொடுத்தவர்கள். புது ஆளைத் தேடித்தான் நாங்கள் அந்தப் பாடு பட்டோம். ஆனால் இந்த ஊடகம் எங்களுக்கு உழைத்தது பழைய ஆளைத் தக்கவைப்பதில். கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, நோட்டில் தன் பெயர் சரியாக ஏறியதா என்று எட்டிப் பார்ப்போமே, நன்கொடை கொடுத்தவருக்கும் அதே குறுகுறுப்பு உண்டு. அதனால் மாதம் முதல் தேதி வரவு, செலவு, மீதியைக் கையால் எழுதி, போட்டோ பிடித்துப் போடுகிறேன். கம்ப்யூட்டரில் அடித்து அழகாகப் போட்டபோது இவ்வளவு பேர் பார்க்கவில்லை.

வாட்ஸ்அப்பில் கற்றதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் குரூப். இரண்டே மாதத்தில் காலை வணக்கப் பூக்கள், அப்புறம் அரசியல், அப்புறம் சண்டை. ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினோம். ஒரு பட்டியலில் 256 பேர், அவர்கள் போனில் நம் எண்ணைச் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். பாதிப் பேருக்குப் போகவே இல்லை என்பது எங்களுக்குத் தெரிய ஒரு வருடமானது. இப்போது ரசீதின் அடியிலேயே 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று அச்சடித்திருக்கிறோம். 2023-இல் சேனல் வந்தது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது என்பது நல்லது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத இடம் ருசிக்கவில்லை. பிசினஸ் ஆப் இலவசம். அதில் 'மாதம் தருபவர்', 'ரசீது பாக்கி' என்று லேபிள் ஒட்டி வைக்கலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஒட்டுச்சீட்டு வேலைதான்.

இனி சொல்லக் கூசுகிற விஷயம். 2019-இல் படிப்பகத்தில் பை கொடுத்தபோது ஒரு போட்டோ போட்டோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை, பையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். எங்கள் மாவட்டத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது, 2013-இல். அதற்கு முன் பல் முளைத்த பிள்ளைகளுக்கு, ஃப்ளோரைடால் பல்லில் ஏறிய பழுப்புக் கறை விளக்கினால் போகாது. அவளுக்கும் அந்தக் கறை உண்டு. எங்கிருந்தோ ஒருவர் கீழே எழுதினார், "முதல்ல பேஸ்ட் வாங்கிக் குடுங்க." அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை. நான் பார்த்து அழிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் யாரோ அவளிடம் காட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் வரவில்லை. வந்த பிறகும் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். அவள் அம்மா கடைக்கு வந்து சண்டைகூடப் போடவில்லை. "நீங்க போட்டதாலதானேண்ணா பார்த்தாங்க" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு முகம் போடுவதில்லை. கை, நோட்டு, கழற்றிப் போட்ட செருப்பு வரிசை, கரும்பலகை, இவைதான். அப்புறம்தான் சட்டமும் தெரிந்தது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், ஊர், பள்ளி எதையும் அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடக்கூடாது என்கிறது 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றவர்களே கட்டிக்கொடுக்கப் பார்க்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து ஒரு கல்யாணத்தை நிறுத்தினால், எங்கள் வேலையிலேயே பெரிய வேலை அதுவாக இருந்தாலும், அதைப் பதிவாகப் போட முடியாது. போடவும் வேண்டாம். மேடைக்கு மேடை அதியமான் நெல்லிக்கனி கதை சொல்கிற ஊர் இது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு வாழைப்பழத்தைப் பத்துக் கை பிடித்து நிற்கும் போட்டோ எடுப்பதிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

பின்னூட்டங்களில் அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, "அரசாங்கம்தான் மாசம் ஆயிரம் ரூபாய் தருதே?" புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு. எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். கோபப்படாமல் இதை விளக்கி எழுதிய ஒரு பதிலுக்காகவே மூன்று பேர் மாத நன்கொடையாளர் ஆனார்கள்.

பணம் வாங்குவது எளிது, கணக்கு வைப்பதுதான் கஷ்டம். யுபிஐயில் வந்தால் பான் எண் வராது, சில சமயம் பெயர்கூட ஏதோ கடைப்பெயராக இருக்கும். மார்ச் கடைசியில் "80ஜி ரசீது எங்கே" என்று, வருமான வரி விலக்குக்கான ரசீதை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கொடுத்தவர்கள் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித்துறைக்குப் படிவம் 10பிடியில் ஏற்ற வேண்டும் என்ற விதி 2021-22 கணக்கு ஆண்டிலிருந்து வந்தது. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். எனவே பணம் வந்த அன்றே நன்றி சொல்லி, முழுப்பெயர், முகவரி, பான் கேட்டுவிடுகிறோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் விலக்கு கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜியே கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தைப் பார்த்து ஐம்பதாயிரம் அனுப்புகிறேன் என்றார். வாயெல்லாம் பல் எங்களுக்கு. ஆடிட்டர் நிறுத்தினார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இவரோ அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. "பிறந்த ஊருக்குக் கொடுக்க எனக்கு அனுமதி வேணுமா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். அதற்காக விதி மாறுமா?

ஓசூர் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கு லிங்க்ட்இன் வேண்டும் என்றார்கள். தொடங்கினோம். ஒரே ஒரு சந்திப்பு கிடைத்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, அந்தப் பணம் வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் இருக்கிறதா என்பது. அப்போது இல்லை. டீ குடித்துவிட்டு வந்தோம். முதலில் அந்தப் பதிவை முடித்துவிட்டு லிங்க்ட்இன் பக்கம் போங்கள். காசு கட்டிப் பதிவைப் பரப்பும் வசதியில் 500 ரூபாய் போட்டேன். ஊரைக் குறிப்பிடாமல் விட்டது என் தப்பு. எங்கெங்கோ வடக்கிலிருந்து லைக்குகள் வந்து குவிந்தன. நோட்டீஸ் வடிவமைக்கும் கேன்வா ஆப் அறக்கட்டளைகளுக்கு இலவசம், விண்ணப்பித்தால் தருகிறார்கள். நோட்டீஸ் எல்லாம் அதில்தான்.

எச்சரிக்கை ஒன்று. போன வருடம் எங்கள் நோட்டீஸை அப்படியே எடுத்து, கியூஆர் மட்டும் மாற்றி யாரோ சுற்றவிட்டார்கள். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் புகார் செய்தோம். அதிலிருந்து கியூஆர் கீழே, ஸ்கேன் செய்ததும் வர வேண்டிய பெயரையும் பெரிய எழுத்தில் போடுகிறோம். வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள் என்று.

நேற்று தலைவர் மறுபடி கடைக்கு வந்தார். முகம் போடக்கூடாது என்றால் ஏ.ஐ.யில் ஒரு பிள்ளையை உருவாக்கிப் போடலாமே, யாருக்கும் கஷ்டமில்லையே என்கிறார். போனில் காட்டினார். ரெட்டைச் சடை, பள்ளிச் சீருடை, கையில் புத்தகம், பால் வெள்ளையாகப் பல் வரிசை. இல்லாத பிள்ளையைக் காட்டி இருக்கிற பிள்ளைக்குப் பணம் கேட்பதா என்றேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார்.