நுல்லார்போர் பயணத்தில் ஸ்டார்லிங்க் மினி: ஒரு மதிப்பீடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் ஏர் நெடுஞ்சாலையில், சாலையோர விடுதிகளைத் தாண்டியதும் கைப்பேசியில் சிக்னல் பெரும்பாலும் அற்றுப்போகிறது. நுல்லார்போர் சமவெளியின் ஊடாகச் செல்லும் அந்த வழியில் அலுவலக வேலைக்கும் வீட்டாருடன் பேசுவதற்கும் நான் பயன்படுத்திய கருவி, செயற்கைக்கோள் வழியே இணையம் தரும், 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டார்லிங்க் மினி. வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் மின்சாரத்துக்கு என்ன வழி, தங்கப்போகும் இடத்தில் வானம் எவ்வளவு தெரியும் என்ற இரண்டையும் முதலில் யோசித்துவிட வேண்டும்.

நிறுவுவது எளிது. சுமார் 1.1 கிலோ எடையுள்ள தட்டையான பலகைக்குள்ளேயே வைஃபை ரவுட்டரும் அடங்கியிருக்கிறது. தாங்கியில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, செயலி காட்டும் திசைக்குச் சாய்த்து வைத்தால் சில நிமிடங்களில் இணைப்பு வந்துவிடும். கணக்குத் தொடங்குவது, செயலியை இறக்குவது, ஒருமுறை இயக்கிப் பார்ப்பது ஆகியவற்றை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்தான் கவனம் கேட்கும் பகுதி. சராசரியாக 25 முதல் 40 வாட் வரை செலவாகிறது. 30 வாட் என்று கொண்டால் பத்து மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ கால் பங்கு அதிலேயே போய்விடும். யூஎஸ்பி-சி வழியாக இயக்க விரும்புவோர் 100 வாட் தரக்கூடிய பவர் பேங்கையும் அதற்கேற்ற கம்பியையும் வாங்க வேண்டும். கைப்பேசிக்கு வாங்கிய சாதாரண பவர் பேங்க் போதாது. கருவி 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும் என்றாலும், வண்டியின் 12 வோல்ட் இணைப்பிலிருந்து நீண்ட கம்பி இழுத்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து கருவி அடிக்கடி அணைந்து மீண்டும் இயங்கக்கூடும். கம்பியைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைப்பது, அல்லது மின்னழுத்தத்தை 24 வோல்ட்டுக்கு உயர்த்தும் மாற்றியைச் சேர்ப்பது இதற்குத் தீர்வு.

இதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பழைய வகைச் செயற்கைக்கோள் இணையத்தில் எரிச்சலூட்டும் அரை நொடிக்கும் மேலான தாமதம் இதில் இல்லை. ஆனால் தாழ்வாகப் பறக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடுவதால், கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாமல் மாற வேண்டியிருக்கிறது. அதற்கு 110 பாகை அகலத்துக்கு வானம் திறந்திருக்க வேண்டும். மரங்களே அரிதான நுல்லார்போரில் இதைப் பற்றிக் கவலையே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் பெம்பர்ட்டன் ஊரைச் சூழ்ந்த காரி மரக் காட்டிலோ, 80 மீட்டருக்கு மேலும் வளரும் மரங்களுக்கிடையே மின்னஞ்சல் போகும், காணொலி அழைப்போ நொடிக்கொரு முறை அறுந்துபோகும். கூடாரம் அடிக்கும் முன்பே செயலியைத் திறந்து, கைப்பேசிக் கேமராவால் வானத்தைச் சுற்றிக்காட்டித் தடைகளைப் பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுப்பது நல்லது.

தூசியும் மழையும் கருவிக்குள் புகுவதில்லை. வெயிலில் மூடிய காரின் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் வைக்க வேண்டாம். 50 பாகை செல்சியஸ் வரைதான் இதன் தாங்கும் வரம்பு.

உயிர்காக்கும் கருவியாக இதை நம்பிப் புறப்படுவதை நான் ஏற்கமாட்டேன். வண்டி கவிழ்ந்து பேட்டரி செயலிழந்தால் இணையமும் போய்விடும். ஆபத்தில் மீட்புக் குழுவினரை அழைக்கும், தனக்கென்று பேட்டரி கொண்ட 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி குறைந்தது 24 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் அதைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மினியை வாங்குவோர் அதையும் சேர்த்தே வாங்குங்கள்; அதை வண்டியில் வைக்காமல் உடலோடு அணிந்துகொள்ளுங்கள்.