லேடி எலும்பு டாக்டர் இருக்கற இந்த கிளினிக் பத்தி (சத்துவாச்சாரி, வேலூர்)

ரெண்டு மாசம் முன்னாடி எங்க அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கைய ஊனிட்டாங்க, வலது மணிக்கட்டு வளைஞ்சே போச்சு. மாமா உடனே புத்தூர் கட்டு போட்டுக்கலாம்னு காரை எடுத்துட்டாரு. அக்கா பொண்ணு ஹவுஸ் சர்ஜனா இருக்கா, எக்ஸ்ரே எடுக்காம எங்கயும் போகக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னு இங்க கூட்டிட்டு வந்தா. உள்ள லேடி டாக்டர். எலும்ப இழுத்து வைக்க ஆம்பள பலம் வேணாமான்னு மாமா வெளியவே என்கிட்ட கேட்டாரு.

டாக்டர் மொதல்ல பண்ணது என்னன்னா மோதிரத்த கழட்டினது. வீக்கம் ஏறினா விரல நெறிச்சிடும்னு சொல்லிட்டு சோப்பு தடவி, நூல் சுத்தி, அம்மா 40 வருஷமா கழட்டாத மோதிரத்த நசுங்காம எடுத்து அவங்க முந்தானையிலயே முடிஞ்சு விட்டாங்க. அப்பறம் மரத்துப்போற ஊசி போட்டு, ஒருத்தர் மேல்கைய புடிச்சுக்க, இவங்க விரலுங்கள புடிச்சு இழுத்தாங்க. வெடுக்குனு இழுக்கல, சதை அசந்து விட்டுக்குடுக்கற வரைக்கும் ஒரே சீரா இழுத்துட்டே இருந்துட்டு கட்டை விரலால ஒரு அழுத்து, அவ்ளோதான், கை நேரா வந்துடுச்சு. மாவுக்கட்டு போட்டு திரும்ப எக்ஸ்ரே எடுத்து எங்களுக்கும் காட்டினாங்க.

அப்பதான் அம்மா வாயத் திறந்தாங்க. ரெண்டு வருஷமா இடுப்பு வலி, வேற ஒரு எடத்துல ஆம்பள டாக்டர் படுக்க சொன்னதும் கூச்சப்பட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாங்களாம், எங்களுக்கே தெரியாது. மாதவிடாய் நின்ன பிறகு பொம்பளைங்களுக்கு எலும்பு வேகமா மெலியும், லேசா விழுந்தாலே உடையும்னு புரியற மாதிரி சொல்லி எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எழுதிக் குடுத்தாங்க. எங்க அம்மா மாதிரி எத்தன பேரு வலிய சொல்லாமயே இருக்காங்களோ, அவங்களுக்காகவாச்சும் டாக்டருக்கு படிக்கற பொண்ணுங்க ஆர்த்தோ (எலும்பு மருத்துவம்) எடுக்கணும்.

அக்கா பொண்ணுக்கு ஆர்த்தோ ஆசை. ஆனா வீட்ல கைனக் எடு, ஸ்கின் எடுங்கறாங்க, அவ டூட்டி பாக்கற எடத்துல ஒரு சீனியர் டாக்டர், "பொண்ணுக்கு எதுக்கும்மா இதெல்லாம், நாளைக்கு கல்யாணம் ஆகணும்ல"ன்னு கேட்டிருக்காரு. இந்த டாக்டர் அவள தனியா ஒக்கார வெச்சு அரை மணி நேரம் பேசினாங்க. இழுத்துப் புடிக்க டிராக்‌ஷன் டேபிள் இருக்கு, எலும்புல துளை போட மெஷின் இருக்கு, எக்ஸ்ரே கதிர் படாம இருக்க ஈய ஏப்ரன் மாட்டிட்டு மணிக்கணக்கா நின்னா ஆம்பளைக்கும்தான் முதுகு வலிக்கும், ஆர்த்தோ மேல்படிப்பு எம்.எஸ். 3 வருஷமும் பேட்ச்ல நான் ஒருத்திதான் பொண்ணு, முடிச்சேன்லன்னு சொன்னாங்க. கர்ப்பமா இருக்கறப்ப எக்ஸ்ரே கதிர் படாம டூட்டிய எப்படி மாத்தி வாங்கறதுன்னு கூட சொல்லிக் குடுத்தாங்க.

1918ல ஐடா ஸ்கடர்ங்கற லேடி டாக்டர் பொண்ணுங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு இது. 1954 ஆக்சிடன்ட்ல கால் ரெண்டும் செயலிழந்தும் வீல்சேர்ல ஒக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ண மேரி வர்கீஸ் டாக்டர் இருந்த ஊரு, இங்கயே பொண்ணுக்கு பலம் பத்தாதுன்னு சொன்னா மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

குறைன்னா கிளினிக் முதல் மாடியில, லிஃப்ட் இல்ல, கால் உடைஞ்சவங்கள சேரோட தூக்கிட்டு ஏறறாங்க, இத கண்டிப்பா சரி பண்ணணும். திங்கக்கிழமை போகாதீங்க, 2 மணி நேரம் ஒக்காரணும். பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டுப் போங்க, கேப்பாங்க. போன வாரம் அம்மாவுக்கு கட்டு பிரிச்சாச்சு, இப்ப விரல் பயிற்சி நடக்குது. அக்கா பொண்ணு லீவு நாள்ல அங்க போய் டாக்டர் பக்கத்துல நின்னு பாத்துட்டு வரா.