எம்.ஜி.பி. எஞ்சினில் எண்ணெய் அழுத்தமும் ஆயில் கூலரும்: டர்பன் வெயிலில் நெடுநாள் பயன்பாடு

என்னிடம் இருப்பது 1967-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரையை மடக்கக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சி.சி. கொள்ளளவும் கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங்குகளும் கொண்ட பி-சீரிஸ் எஞ்சின் அதில் இருக்கிறது, அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. காரின் அழகையோ ஓட்டுசுகத்தையோ இங்கே எழுதப் போவதில்லை. டாஷ்போர்டில் முதலிலிருந்தே இருக்கும் ஆயில் பிரஷர் கேஜ், பிற்பாடு நான் சேர்த்த எண்ணெய் வெப்பமானி, முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து எண்ணெயைக் காற்றால் ஆற்றும் ஆயில் கூலர், சூட்டுக்கு ஏற்ப எண்ணெயை அதற்குள் விட அதன் குழாய்வழியில் பொருத்திய தெர்மோஸ்டாட் ஆகிய நான்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனின் ஈரமான கோடையிலும் அதற்கு உள்நாட்டில் இருக்கும் மிட்லண்ட்ஸ் பகுதியின் உறைபனிக் காலையிலும் எப்படி நடந்துகொண்டன என்பதே இங்கே பொருள்.

முதலில் பிரஷர் கேஜ். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இரட்டைக் கேஜ் ஒரே வட்டத்தில் மேலும் கீழுமாக எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீரின் சூட்டையும் காட்டுகிறது. இதில் மின்சாரம் இல்லை. எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாயில் எண்ணெயே நேராக கேஜ் வரை வந்து முள்ளை அசைக்கிறது. ஆகவே அது காட்டும் எண்ணில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. பணிமனைக் கையேடு ஓடும்போது சதுர அங்குலத்திற்கு 50 முதல் 80 பவுண்டும், கார் நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் 10 முதல் 25 பவுண்டும் இருக்கலாம் என்கிறது. பழைய கார் வாங்கும் பலர் இந்த இரண்டாம் வரியைப் படிப்பதேயில்லை என்பது என் எண்ணம். மூயி ரிவர் டோல் பிளாசாவில் வரிசையில் நிற்கும்போது முள் 12-க்கு இறங்கிவிட்டது என்று எஞ்சினை அணைத்துவிட்டுப் பதறியவர்களை நான் கண்டிருக்கிறேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் நிமிடத்திற்கு 4000 சுற்றில் ஓடிய எஞ்சின் திடீரென 800 சுற்றுக்கு வந்தால் பம்பும் அதே அளவுக்கு மெதுவாகச் சுழல்கிறது, எண்ணெயும் மிகச் சூடாகி இளகியிருக்கிறது. முள் இறங்காவிட்டால்தான் கேஜைச் சந்தேகிக்க வேண்டும்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தை மட்டுமே உண்டாக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பம்ப் தள்ளும் எண்ணெய் பேரிங்குகளின் இடைவெளி வழியே கசிந்து வெளியேற வேண்டும். அந்தக் கசிவுக்கு எவ்வளவு தடை இருக்கிறதோ அதையே கேஜ் அழுத்தமாகக் காட்டுகிறது. தடையை முடிவு செய்பவை இரண்டு: எண்ணெயின் பிசுபிசுப்பு, பேரிங்கின் இடைவெளி. இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கசிவு கூடும் என்பதால், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்காக இருந்த இடைவெளி மூன்று பங்காகத் தேய்ந்தால் அதே எண்ணெய் ஏறத்தாழ 3.4 மடங்கு எளிதாக வெளியேறிவிடும். தேய்ந்த எஞ்சினில் முள் ஏன் அவ்வளவு வேகமாக விழுகிறது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஒன்றும் தேயாமலே, எண்ணெய் சூடானதாலும் அதே முள் விழும். வெறும் பிரஷர் கேஜை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

டர்பனின் கிளேர்வுட்டில், எம்.ஜி. கார்களைத் தயாரித்த பி.எம்.சி. நிறுவனத்தின் கார்களோடே வயதான மெக்கானிக் ஒருவரிடம், அழுத்தம் குறைந்திருக்கிறதே மாமா என்று கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: “எவ்வளவு சூட்டில் குறைஞ்சது தம்பி?” அதற்கு விடை சொல்ல என்னிடம் கருவி இல்லை. எண்ணெய் வெப்பமானியை வாங்கியது அந்தக் கேள்விக்காகத்தான். அதன் சென்சாரை, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பின் பிளக்கில் பொருத்தும் வழியும் உண்டு, எம்.ஜி.பி. தாழ்வான கார், வேகத்தடைகளில் அடிபடும் என்பதால் நான் அதைத் தவிர்த்து, எஞ்சினிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், டி வடிவ இணைப்பில் வைத்தேன். இந்த இடத்தில் முழு ஓட்டமும் சென்சாரைக் கடந்தே போகிறது. பம்பை விட்டு வரும் எண்ணெயின் சூட்டை இது காட்டுகிறது என்பதையும், பேரிங்கைக் கடந்து விழும் எண்ணெய் இதைவிடச் சூடாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே எண்களைப் படிக்க வேண்டும்.

இரண்டு கருவிகளையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபின் என் எஞ்சினின் நடத்தை தெளிவாகிவிட்டது. நான் ஊற்றுவது கனிம எண்ணெய் 20W-50, அதாவது குளிரில் 20 தரம், சூட்டில் 50 தரம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 70 பவுண்டு. 85 டிகிரி செல்சியஸில் 3000 சுற்றுக்கு 62, ஐட்லிங்கில் 25. 105 டிகிரியில் 55-உம் 18-உம். கோடையில் ஒருமுறை 118 டிகிரியைத் தொட்டபோது 48-உம் 12-உம். அனைத்தும் ஒரே எஞ்சின், ஒரே எண்ணெய், ஒரே பேரிங்குகள். 50 தரத்து எண்ணெய்க்கு 100 டிகிரியில் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் வரை பிசுபிசுப்பு இருக்க வேண்டும் என்பது எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் வரையறை, 120 டிகிரியில் அது பத்து, பதினொன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது 100 டிகிரியில் 30 தர எண்ணெய் எவ்வளவு இளகலாக இருக்குமோ அந்த நிலைக்கு. இப்போது நான் 95 டிகிரியில் 3000 சுற்றுக்கான எண்ணை மட்டுமே குறித்து வைக்கிறேன். அது ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்தால் பேரிங்குகள் நலம். மற்ற நேரங்களில் முள் எங்கே நிற்கிறது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை.

காலையில் தெரியும் அந்த 70 பவுண்டைக் கண்டு பெருமைப்படவும் இடமில்லை. குளிர்ந்த 20W-50 ஆறிய வெல்லப்பாகு போலக் குழாய்களில் தயங்குகிறது. அழுத்தம் 70-ஐ எட்டியவுடன் ரிலீஃப் வால்வு திறந்து, மிகுந்த எண்ணெய் பேரிங்கை எட்டாமலே சம்புக்குத் திரும்பிவிடுகிறது. முள் உச்சியில் நிற்கும் அந்த நேரத்தில்தான் பேரிங்குகளுக்குப் போகும் ஓட்டம் மிகக் குறைவு. இதே வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு. வாஷர், வால்வு திறக்கும் உச்ச வரம்பை மட்டுமே உயர்த்தும். சூடான ஐட்லிங்கில் 12 பவுண்டு இருக்கும்போது வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது; அந்த 12 அப்படியே 12-ஆகவே இருக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பம்ப், அதன் டிரைவ், ஃபில்டர் சீல் ஆகியவற்றுக்குக் கூடுதல் சுமை கிடைப்பதுதான் மிச்சம். ஷாஃப்டைத் தாங்குவதும் பம்பின் அழுத்தமன்று. ஷாஃப்ட் சுழலும்போது எண்ணெயை ஆப்புபோல் இழுத்துச் சென்று தானே உண்டாக்கும் படல அழுத்தமே அதைத் தாங்குகிறது, அது கேஜ் காட்டும் எண்ணைவிடப் பல மடங்கு பெரிது. பம்பின் வேலை அந்த இடத்தை எப்போதும் எண்ணெயால் நிரப்பி வைத்திருப்பதும், சூட்டை அங்கிருந்து அள்ளிக்கொண்டு போவதும்தான்.

அள்ளிய சூட்டை எங்கே கொட்டுவது என்பதில்தான் கூலர் வருகிறது. எம்.ஜி.பி.யில் பம்பிலிருந்து வெளிவரும் எண்ணெய் பிளாக்கின் பின்புறத்திலிருந்து நீண்ட ஹோஸ் வழியே முன்னால் கூலருக்குப் போய், திரும்பி வந்து ஃபில்டரைக் கடந்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் பிரியும் மெயின் கேலரிக்குள் நுழைகிறது. தொழிற்சாலை அமைப்பில் தெர்மோஸ்டாட் இல்லை. குளிரானாலும் வெயிலானாலும் எண்ணெய் முழுவதும் கூலருக்குள் போய்த்தான் ஆக வேண்டும். ஹோஸ்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலத்தில் கூலரைத் தவிர்த்து இரண்டு முனைகளையும் ஒரே குழாயால் இணைத்துச் சில மாதங்கள் ஓட்டினேன், பிறகு தெர்மோஸ்டாட் இல்லாமல் கூலரோடு நெடுநாள், அதன்பின் தெர்மோஸ்டாட்டோடு. மூன்று நிலைகளையும் ஒரே காரில், ஒரே சாலைகளில் ஒப்பிட முடிந்தது அப்படித்தான்.

நகரத்திற்குள் கூலர் தேவையில்லை என்பது முதல் முடிவு. கூலர் இல்லாத மாதங்களில் சாட்ஸ்வர்த்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடியபோது எண்ணெய் 90-லிருந்து 95 டிகிரியைத் தாண்டவில்லை. தைப்பூசத்தன்று காவடி ஊர்வலத்திற்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது தண்ணீரின் முள் அபாய எல்லைக்குப் போனது, எண்ணெயோ அசையவில்லை. காரணம் எளிது. தண்ணீரின் சூடு எரிபொருள் எரிவதிலிருந்தும் காற்றோட்டம் இல்லாததிலிருந்தும் வருகிறது. எண்ணெயின் சூட்டில் பெரும்பங்கு, பேரிங்குகளுக்குள் வேகமாக உராய்ந்து இழுபடுவதிலிருந்தும் பிஸ்டனின் அடிப்பக்கத்தைத் தொட்டு விழுவதிலிருந்தும் வருகிறது. சுற்று வேகம் குறைந்தால் அதுவும் குறைந்துவிடுகிறது.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலை வேறு கதை. ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி. மணிக்கு 120 கிலோமீட்டரில் 4100 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஓவர்டிரைவ் உள்ள காரில் அதே வேகத்திற்கு 3350 அளவே போதும். எண்ணெயைப் பொறுத்தவரை கூலரைவிட ஓவர்டிரைவே சிறந்த குளிர்விப்பான் என்று சொல்லத் தோன்றுகிறது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறி, அங்கிருந்து டவுன் ஹில் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் போகும்போது, கூலர் இல்லாத நிலையில் எண்ணெய் 125 டிகிரியை எட்டியது. கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: உச்ச எண் ஏற்றத்தின் நடுவில் வரவில்லை, ஹில்டனைத் தாண்டிச் சாலை சமமான பிறகுதான் வந்தது. எண்ணெய் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஏற்றத்தில் கேஜைப் பார்த்துவிட்டு நிம்மதியடைபவர் தவறான நேரத்தில் பார்க்கிறார். கனிம எண்ணெய் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் கெடும் என்ற பழைய கணக்கை வைத்துப் பார்த்தால், 125 டிகிரியில் ஜோகன்னஸ்பர்க் வரை போவதை நான் விரும்பமாட்டேன். கூலர் இருந்தபோது அதே சாலை, அதே பிப்ரவரி வெயிலில் எண்ணெய் 102 முதல் 106 வரையே நின்றது. மேலே சொன்ன 118 டிகிரி, கூலரின் முன்பக்கம் பூச்சிகளாலும் தூசியாலும் அடைபட்டிருந்த ஒரு பயணத்தில் கண்டது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் சரியாகிவிட்டது.

தெர்மோஸ்டாட் இல்லாத கூலரின் குறை குளிர்காலத்தில் தெரிந்தது. ஜூலை மாதத்தில் நாட்டிங்ஹம் ரோடு பக்கம் காலைப் பனியில் ஓட்டினால் எண்ணெய் 60 டிகிரியைத் தாண்டத் திணறியது. டர்பன் நகருக்குள்ளேயே 70-ஐ எட்ட நெடுநேரம் பிடித்தது. அழுத்தமானி அப்போது பிரமாதமாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆனால் எரிதலில் உண்டாகும் நீராவியும் கலக்கும் பெட்ரோலும் எண்ணெயிலிருந்து ஆவியாகிப் போக அந்தச் சூடு போதாது. எஞ்சினின் மேலுறையான ராக்கர் கவரில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்மையான களிம்பு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து, தண்ணீர் எண்ணெயில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்து, நீண்ட பயணத்திற்குப் பின் களிம்பு மறைந்தால் அது வெறும் ஈரம்தான்.

80 டிகிரிக்கு மேல் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்திய பிறகு குளிர்கால நகர ஓட்டத்தில் எண்ணெய் 85 அருகே நிற்கிறது, களிம்பும் வரவில்லை. கோடை நெடுஞ்சாலையின் எண்களில் மாற்றமே இல்லை. மூடிய நிலையிலும் இது சிறிதளவு எண்ணெயைக் கூலருக்குள் விடுகிறது. அது குறையன்று, திடீரென்று திறக்கும்போது குளிர்ந்த எண்ணெய் மொத்தமாகப் பேரிங்குகளுக்குள் பாயாமல் இருக்க அந்தக் கசிவு வேண்டும். குறை என்று சொல்வதானால் கூடுதலாக நான்கு இணைப்புகள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் கசிய ஓர் இடம்.

இங்கே என் அண்ணனின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. யூட்டன்ஹேக்கில் 1979 வரை தயாரான அந்தக் காரில் மொத்த எண்ணெயே 2.5 லிட்டர்தான், எம்.ஜி.பி.யில் கூலரையும் சேர்த்தால் 4.6 லிட்டருக்கும் மேல். தண்ணீரே இல்லாத எஞ்சின் என்பதால் எண்ணெயின் பொறுப்பு அங்கே பெரிது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் குளிர்ந்த எண்ணெயின் அழுத்தத்தாலேயே திறந்து கூலரைத் தவிர்க்கச் செய்யும் வால்வை அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எம்.ஜி.பி.க்கு நாம் காசு கொடுத்துச் சேர்க்கும் அறிவு அங்கே முதலிலேயே இருந்தது.

நெடுநாள் பயன்பாட்டில் என்னைக் கவலைப்படுத்திய பகுதி கூலர் அன்று, ஹோஸ்கள். முன்புற உலோகத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கெட்டால், எஃகு வலை போர்த்திய ஹோஸ் தகட்டையே அறுத்துவிடும். சாதாரண ரப்பர் ஹோஸ் தானே அறுந்துபோகும். முழு ஓட்டமும் இந்தக் குழாய்களில் போவதால், ஒன்று அறுந்தால் சம்ப் காலியாகச் சில நொடிகளே ஆகும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளையங்களை விரலால் தடவிப் பார்க்கிறேன். கடற்கரை ஊர் என்பதால் இணைப்புகளின் துருவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைகீழாகப் பொருத்தும் ஃபில்டர் உள்ள எம்.ஜி.பி.களில், எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் முள் எழுவதற்குள் பேரிங்குகள் சில நொடிகள் காய்ந்து ஓடும்.

இதே போன்ற காருக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, முதலில் எண்ணெய் வெப்பமானி மட்டும் வாங்கி ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பாருங்கள் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் மட்டும் ஓடும் காருக்குக் கூலரே வேண்டியதில்லை. இருப்பதைக் கழற்றவும் வேண்டாம், தெர்மோஸ்டாட்டைச் சேர்த்தால் போதும். மாதத்தில் ஒருமுறையாவது என்-3-இல் ஏறுபவருக்கு இரண்டும் வேண்டும். பேரிங் சிதைந்து எஞ்சினைப் புதுப்பிக்கும் நிலை வந்தால் மட்டும் பழைய கூலரைக் கழுவி மீண்டும் பொருத்த எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன் குறுகிய அறைகளில் தங்கிய உலோகத் துகள்களை முழுவதும் வெளியேற்றும் வழி எந்தப் பட்டறையிலும் இல்லை.