மாதவிடாய் வலிக்கு அக்குபங்சர்: ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்ட பிறகு

வயதுக்கு வந்த அடுத்த வருடத்திலிருந்தே முதல் நாள் என்றால் எனக்குப் படுக்கைதான். அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும், இடுப்பு கழன்று விழுவது போலிருக்கும், கூடவே வாந்தி. "ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்" என்று அம்மா சொல்வார். பெற்றேன், சரியாகவில்லை.

பல வருடமாக மெஃபினமிக் அமிலம் என்ற வலி மாத்திரைதான் துணை. 2023 கடைசியில், அந்த மருந்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று மருந்துகளின் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா ஆணையம் எச்சரித்த செய்தியைப் படித்தேன். மாதம் ஆறேழு மாத்திரை போடுகிறவளுக்குப் பயம் வராதா? முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்தேன். கட்டி, நீர்க்கட்டி எதுவும் இல்லை. "எண்டோமெட்ரியோசிஸ் சில நேரம் ஸ்கேன்ல தெரியாது. வலி கூடிக்கிட்டே போனா திரும்பி வாங்க" என்றார். (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ்.) அக்குபங்சர் ஊசிக்குப் போக நினைக்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

அக்குபங்சர் என்று நான் முதலில் போன இடத்தில் ஊசி கிடையாது. நாடி பார்த்து, ஒரு புள்ளியில் விரல் வைத்து, ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நம்பி நிறுத்தினேன். அடுத்த மாதமே வலி தாங்காமல் குளியலறையில் மயங்கி விழுந்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு மருத்துவரிடம் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, "தேவைப்பட்டா போடுங்க, எத்தனைன்னு எழுதி வைங்க" என்றார். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள், கண் முன்னால் உறையைப் பிரித்தார். கணுக்காலின் உட்புற எலும்பிலிருந்து நான்கு விரல் மேலே ஒன்று (சான்யின்ஜியாவ் என்பது சீனப் பெயர்), கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹேகு என்ற புள்ளியில் ஒன்று, தொப்புளுக்குக் கீழே ஒன்று. 25 நிமிடம் படுத்திருக்க வேண்டும். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். பிறகு உள்ளே கனமாக ஒரு மதமதப்பு பரவும். அது வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, நாள் நெருங்கும் வாரத்தில் இரண்டு முறை. தடவைக்கு 400 ரூபாய். இது சின்னச் செலவு இல்லை.

முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாதம் வாந்தி நின்றது. நான்காம் மாதத்தில் 10க்கு 8 என்று எழுதிக்கொண்டிருந்த வலி 5க்கு வந்தது, மாத்திரை இரண்டுக்கு வந்தது. உதிரப்போக்கில் மாற்றமில்லை. ஊரில் கல்யாண வேலையாக மூன்று மாதம் விட்டபோது வலி மெல்ல மெல்ல 7 வரை ஏறியது.

எண்ணில் எழுத முடியாத ஒன்றும் மாறியது. தேதி நெருங்க நெருங்க வருகிற அந்த நடுக்கம், வலி வருமுன்னே உடம்பு இறுகிக்கொள்வது, அது தளர்ந்துவிட்டது. ஏன் என்று தேடியபோதுதான் 2010இல் தைவானில் வந்த ஆய்வைப் பார்த்தேன். மாதவிடாய் வலி உள்ள 32 பெண்களையும் வலி இல்லாத 32 பெண்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். அதுவும் வலி இல்லாத நாட்களில். அப்போதும் வலியை உணரும், அடக்கும் மூளைப் பகுதிகளின் சாம்பல் நிறத் திசுவில் வேறுபாடு இருந்தது. படித்துவிட்டு அழுதேன். விடுதியில் "நடிக்கிறா" என்று பேர் வாங்கியவள் நான். புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடம்பில் கூடி, கருப்பை இறுகி, அதற்குப் போகும் ரத்தம் குறைவதில் தொடங்குகிற வலிதான் இது. ஆனால் மாதாமாதம் வந்து வந்து மூளையிலும் தடம் பதிக்கலாம்.

ஊசிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2000இல் கேத்லீன் ஹூய் குழுவினர் அமெரிக்காவில் இதே ஹேகு புள்ளியில் ஊசி போட்டு மூளையைப் படமெடுத்தார்கள். மதமதப்பு மட்டும் உணர்ந்தவர்களுக்கு, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா போன்ற பகுதிகளில் செயல்பாடு தணிந்தது. சுரீரென்று வலித்தவர்களுக்கு அப்படித் தணியவில்லை. மருத்துவர் ஏன் ஒவ்வொரு முறையும் கேட்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் அவர்கள் சோதித்தது ஆரோக்கியமானவர்களை. என் மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 42 ஆய்வுகளை, 4,640 பெண்களின் தகவலை அலசியும், மாதவிடாய் வலிக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் எழுதியது. எனக்குக் கிடைத்த நிம்மதியில் ஒரு பங்கு, வாரம் ஒருமுறை 25 நிமிடம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததால் வந்திருக்கலாம். அதனால் என்ன, எனக்கு அதுவும் தேவைப்பட்டது. கர்ப்பமாக இருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை, நாளுக்கு ஐந்து நாள் முன்னால் போகிறேன். போன மாதம் முதல் நாளன்று மகளின் பள்ளி ஆண்டு விழா. காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போய், அவள் ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்து பார்த்தேன். இரவு நோட்டில் வலி 5 என்று எழுதினேன்.