பாம்பு கடித்தால் பக்கத்து பிஹெச்சியா (ஆரம்ப சுகாதார நிலையம்), தூரத்து ஜிஹெச்சா (அரசு மருத்துவமனை)?

நேரம்: பிஹெச்சிதான். விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது, ஜிஹெச்சுக்குப் போகிற வழியிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

மருந்து: இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்தது, அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கையிருப்பில்தான் வித்தியாசம், விஷம் ஏறியிருந்தால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வேண்டும், குழந்தைக்கும் அதே அளவு.

பரிசோதனை: பிஹெச்சியே போதும். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் பெரும்பாலும் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் வேலை.

சிக்கலானால்: ஜிஹெச், சந்தேகமே இல்லை. கட்டுவிரியன் மூச்சை நிறுத்தினால் வென்டிலேட்டர், கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைக் கெடுத்தால் டயாலிசிஸ்.

சரி, எங்கே போவது? 108ஐ அழைத்து எங்கே டாக்டரும் மருந்தும் இருக்கிறது என்று கேளுங்கள். பிஹெச்சியில் இரண்டும் இருந்தால் முதல் டோஸ் அங்கே, இமை சொருகினாலோ சிறுநீர் குறைந்தாலோ போட்ட கையோடு ஜிஹெச்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி நர்ஸ் மட்டும் இருக்கிற இடமென்றால் நேராக ஜிஹெச்.