ஆன்மிக அலமாரியில் வைக்க வேண்டாம்: லிகச்சோவின் நினைவுகள்

கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து வாயனசாலைகளுக்கு (நூலகங்களுக்கு) இந்தப் புத்தகத்தை வாங்க நினைப்பவர்கள் தலைப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. திமீத்ரி லிகச்சோவ் 1995-இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டபோது இதற்கு 'நினைவுகள்' என்றுதான் பெயர். 2000-இல் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆன் தி ரஷ்யன் சோல்' (ரஷ்ய ஆன்மா பற்றிய சிந்தனைகள்) என்று மாற்றிவிட்டார்கள். 'சோல்' என்று அட்டையில் இருந்தால் நூலகர் தத்துவம், ஆன்மிகம் உள்ள அலமாரிக்குத்தான் கொண்டுபோவார். உள்ளே இருப்பதோ டைபஸ் காய்ச்சல், சீட்டாட்டம், விறகுக் கட்டை, ரொட்டியின் எடை. தன்வரலாற்று வரிசையில், ரஷ்ய எழுத்தாளர் கார்க்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். கார்க்கி ஏன் என்பது பின்னால் வருகிறது.

பெயர் உச்சரிப்பையும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லிகாசெவ்' என்று படிப்பார்கள். ரஷ்யர்கள் கடைசி அசையை அழுத்தி 'லிகச்சோவ்' என்பார்கள். நாம் கொர்பச்சேவ் என்று எழுதிப் பழகியவரும் உண்மையில் கர்பச்சோவ்தான்.

இவர் பழைய ரஷ்ய இலக்கிய அறிஞர். 1906-இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். 1928 பிப்ரவரியில், 21 வயதில் கைதானார். நண்பர்கள் சிலர் சேர்ந்து 'விண்வெளி அறிவியல் கழகம்' என்று விளையாட்டாக ஒரு குழு நடத்தினார்கள். அதில் இவர் வாசித்த கட்டுரை, 1918-க்குப் பின் கைவிடப்பட்ட பழைய எழுத்துமுறையே மேலானது என்று வாதாடியது. கிடைத்தது ஐந்தாண்டு. எல்லையோர வாசகருக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம்: தமிழில் 1978-இல் யானைத் துதிக்கை வைத்த பழைய 'லை' போனதையும், மலையாளத்தில் 1971-இல் கூட்டெழுத்துகள் பிரிந்ததையும் பற்றி இங்கே இன்றும் டீக்கடையில் சண்டை போடலாம். ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள்.

அனுப்பிய இடம் வெண்கடலில் உள்ள சொலவெத்ஸ்கித் தீவுகள், பழைய மடாலயம் ஒன்று. அங்கே நடந்த கைதிகளின் சிறப்பு முகாமின் ரஷ்யப் பெயரைச் சுருக்கினால் 'ஸ்லோன்' என்று வரும். ஸ்லோன் என்றால் ரஷ்ய மொழியில் யானை. எழுத்தில் தொடங்கி யானையில் போய் முடிந்த வழக்கு!

புத்தகத்தின் கனம் இந்தப் பகுதியில்தான். தண்டனையை ஆராய்ச்சிக் களமாக மாற்றிக்கொண்டவர் இவர். முகாமின் குற்றவியல் பிரிவில் வேலை கிடைத்ததும் திருடர்களின் பேச்சையும் பழக்கங்களையும் குறித்துக்கொள்கிறார். இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையே 1930-இல் முகாமின் சொந்தப் பத்திரிகையில் வந்தது. தலைப்பு, குற்றவாளிகளின் சீட்டாட்டங்கள். கோபமோ அழுகையோ எதிர்பார்த்துத் திறப்பவருக்கு இந்த நிதானம் முதலில் ஒட்டாது. நாற்பது ஐம்பது பக்கம் பொறுத்துப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கார்க்கி முகாமைப் பார்க்க வருவது 1929 ஜூனில். 'தாய்' நாவல் வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இந்தப் பக்கங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கும். சிறுவர் குடியிருப்பில் ஒரு பையன், மற்றவர்களை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு முகாமில் நடப்பதையெல்லாம் அவரிடம் கொட்டுகிறான். கார்க்கி கண்ணீரோடு வெளியே வருகிறார். அவர் போனபின் பையனைக் காணவில்லை. முகாமைப் பாராட்டிக் கார்க்கியின் கட்டுரை வருகிறது. லிகச்சோவ் இதற்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. நடந்ததை வரிசையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அதே ஆண்டு அக்டோபர் 28 இரவுப் பகுதியை அவசரமாகப் புரட்டக் கூடாது. பெற்றோர் பார்க்க வந்திருக்கும் சமயம். சுட்டுக்கொல்லத் தன்னைத் தேடி வந்தார்கள் என்று செய்தி கிடைத்ததும், இரவு வேலை இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். விடியும்வரை துப்பாக்கிச் சத்தம். சுடப்பட்டவர்கள் முன்னூறா நானூறா என்பது அவருக்கே நிச்சயமில்லை, ஆனால் நூறில் முடியும் முழுக் கணக்கு என்று கேள்விப்படுகிறார். முழுக் கணக்கு என்றால் தன் இடத்தில் இன்னொருவனை எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். பழைய கையெழுத்துப் பிரதியில் விடுபட்ட வரியைக் கண்டுபிடிக்கிற அதே மூளைதான் இந்தக் கணக்கையும் போடுகிறது.

இனி குறைகள். சககைதிகளைப் பற்றிய சொற்சித்திரங்கள் அடுத்தடுத்து வரும்; பாதி வழியில் யார் யார் என்பது கலங்கிவிடும். ஒரே ஆளைக் குடும்பப் பெயராலும், பெயர்–தந்தைப் பெயராலும் மாறிமாறிச் சொல்வதே காரணம். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, பெயர், தந்தைப் பெயர், குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டே படித்தால் சிக்கல் தீரும். இளமைக்கால அத்தியாயங்களை வேகமாகக் கடந்தாலும் மோசமில்லை. 1932-இல் விடுதலையானபின் மெய்ப்புத் திருத்துநராகவும் வேலை பார்த்து, 1938-இல் புஷ்கின் இல்லம் என்ற இலக்கிய ஆய்வு நிறுவனத்துக்கு வந்து, 1970-இல் சோவியத் அறிவியல் அகாதெமியில் முழு உறுப்பினரானது வரையிலான வாழ்க்கை, சொலவெத்ஸ்கி அளவுக்கு நெருக்கமாக எழுதப்படவில்லை. சோவியத் ஆட்சியை விமர்சித்த விஞ்ஞானி சகாரவுக்கு எதிரான கடிதத்தில் கையெழுத்திட மறுத்தவர், 1975-இல் வீட்டு மாடிப்படியில் தாக்கப்பட்டவர், இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராடை (பீட்டர்ஸ்பர்கின் அன்றைய பெயர்) முற்றுகையிட்ட பகுதியைக் கூட்டாக வாசிப்பதென்றால் மேசையில் ஒரு ரொட்டி பாக்கெட்டும் தராசும் வையுங்கள். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை வேலைக்குப் போகாதவர்களுக்கு நாளுக்கு 125 கிராம்தான். 400 கிராம் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் ரொட்டி பஞ்சுபோல உப்பியிருப்பதால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். அது ஈரம் கனத்த ரொட்டி, அளவில் இன்னும் சிறியது. மாவோடு மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் சேர்த்துச் சுட்டது. மாடு வைத்திருப்பவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் ஒரு பிடி பிண்ணாக்கு கொண்டுவரச் சொல்லுங்கள்.